டிசைன் கேள்வி-பதில்: முதல் அனுபவம் அச்சகத்தில் கிடைக்கும்

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் அக்கா. கிராஃபிக் டிசைனர் ஆக ஆசை. எங்கே கேட்டாலும் அனுபவம் உண்டா என்கிறார்கள். வேலையே கிடைக்காமல் அனுபவம் எப்படி வரும்?
- மாணவி, விருதுநகர்

பக்கத்திலேயே சிவகாசியை வைத்துக்கொண்டு ஏன் கவலைப்படுகிறீர்கள்? விடுமுறையில் ஒரு மாதம் உதவிக்கு வருகிறேன் என்று ஏதாவது ஒரு சின்ன அச்சகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். பெரிய இடமென்றால் ஒரே வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள். சின்ன இடத்தில் விசிட்டிங் கார்டு, பில் புக், காதுகுத்து அழைப்பிதழ், கோயில் பொங்கல் நோட்டீஸ் எல்லாமே ஒரே நாளில் வரும். பஸ் காசும் சாப்பாட்டுச் செலவுமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் தாய்மாமன் பெயர் கீழே போய்விட்டால் என்ன ஆகும், ஓரம் விடாமல் டிசைன் செய்தால் கட்டிங்கில் எது போகும் என்பதையெல்லாம் எந்த வீடியோவும் இப்படிச் சொல்லித்தராது.

அப்புறம் போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. ஐந்தாறு வேலை போதும். ஒவ்வொன்றின் கீழேயும் யாருக்காகச் செய்தது, அவர்களுக்கு என்ன சிக்கல், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று வேலை தருபவர்களுக்கு அதுதான் காட்டும். வாடிக்கையாளர் இல்லையா? உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். எந்தப் பலகைக்குக் கீழே நின்று ஜனங்கள் வழி கேட்கிறார்களோ, அந்தப் பலகையை மாற்றி வரையுங்கள். சொந்தப் பயிற்சி என்று மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் பளிச்சென்று இருக்கும் போஸ்டர், அதையே தமிழில் போட்டால் நெரிசலாகிவிடுகிறது. தமிழ் எழுத்தே அப்படித்தானா?
- வாசகர், ஈரோடு

எழுத்தின் மேல் பழி போடாதீர்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டினால் இறுக்கத்தான் செய்யும்.

முதலில் வரி இடைவெளி. அடோபி மென்பொருள்கள் தானாக வைப்பது எழுத்தளவில் 120 சதவீதம். தமிழில் ‘கி’, ‘கீ’ மேலே ஏறும், ‘பு’, ‘சு’ கீழே இறங்கும். மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். நான் 140-லிருந்து 150 வரை வைக்கிறேன்.

அடுத்தது தடிமன். ஆங்கிலத்தில் கேப்பிடல் எழுத்துக்கு மாறினாலே தலைப்பு எடுப்பாகத் தெரியும். நமக்கு அந்த வசதி கிடையாது என்பதால் எல்லோரும் தடித்த எழுத்துக்கு ஓடுகிறார்கள். தடித்த எழுத்தைச் சின்ன அளவில் அச்சடித்துப் பாருங்கள், சுழி அடைத்துக்கொண்டு மூன்று சுழி ‘ண’ இரண்டு சுழி ‘ன’ மாதிரி தெரியும். அளவைக் கூட்டுங்கள், சுற்றி வெற்றிடம் விடுங்கள், அதுவே எடுப்பாகத் தெரியும்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும் பழக்கத்தையும் தமிழில் விட்டுவிடுங்கள். ‘கொ’வைக் கொஞ்சம் இழுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். படிக்கிறவருக்கு அது எழுத்தாகவே தெரியாது. நீளமான சொற்கள் இடத்தை அடைத்தால் அனெக் தமிழ் எழுத்துருவின் குறுகிய வடிவத்தைப் பாருங்கள். முக்த மலர், நோட்டோ செரிஃப் தமிழ் ஆகியவையும் இலவசம்தான், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

கேள்வி: திரையில் கறுப்பாக இருந்த எழுத்து, அச்சில் ஓரமெல்லாம் கலர் கசிந்த மாதிரி வந்துவிட்டது. பிரஸ் தவறா, என் தவறா?
- வாசகர், தஞ்சாவூர்

பெரும்பாலும் ஃபைலில்தான் சிக்கல் இருக்கும். ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல முறை) கறுப்பை சிஎம்ஒய்கேவுக்கு (அச்சுக்கான நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை முறை) மாற்றும்போது அது நான்கு மையின் கலவையாகிவிடுகிறது. ஒவ்வொரு மைக்கும் ஒன்றாக இருக்கும் நான்கு பிளேட்டில் (அச்சுத் தகட்டில்) ஒன்று இம்மி விலகினாலும் ஓரத்தில் நிறம் எட்டிப் பார்க்கும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் சுழியம் என்று வையுங்கள். அதோடு, கட்டிங்கில் வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க, பின்னணியை வெட்டும் கோட்டுக்கு வெளியே சுற்றிலும் 3 மி.மீ. நீட்டி விடுங்கள், இதைத்தான் ப்ளீட் என்பார்கள்.

கேள்வி: எனக்கு வரையவே வராது. இந்தத் துறைக்கு வரலாமா?
- மாணவர், திருநெல்வேலி

தாராளமாக. ஓவியம் வரைவது தனித்திறமை. டிசைனுக்கு எதை முதலில் காட்டுவது, எதை விடுவது என்ற தீர்மானம்தான் முக்கியம். 2010-ல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டைப் பாருங்கள். தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆர்’ எழுத்தும் சேர்ந்த நாலைந்து கோடுகள்தான். காய்கறிக் கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதினாலும் குழம்பாது. அதை உருவாக்கிய உதயகுமார் நம் ஊர்க்காரர், தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். எழுத்தைக் கூர்ந்து பார்க்கும் கண்ணைப் பழக்குங்கள். தினமும் ஒரு கடைப் பலகையைப் படம் எடுத்து, எதனால் படிக்க முடிகிறது அல்லது முடியவில்லை என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: ஒரு கடைக்காரர், ‘இலவசமாக லோகோ செய்து தா, உனக்கு விளம்பரமாகும்’ என்கிறார். செய்யட்டுமா?
- வாசகி, சேலம்

வேண்டாம். பலகை எழுதுபவருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அவர் பணம்தானே கொடுக்கிறார்? ஊர் நூலகத்துக்கோ, அரசுப் பள்ளிக்கோ என்றால் மனமுவந்து இலவசமாகச் செய்யுங்கள், அது வேறு. கடை வேலைக்குத் தொகை, எத்தனை திருத்தம், எந்தத் தேதி என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அவரிடம் சம்மதம் வாங்குங்கள். பாதிப் பணத்தை முன்பே வாங்கிவிடுங்கள். மூல ஃபைலை மீதி வந்தபிறகு அனுப்பலாம்.