பாம்பின் கண்ணில் ஒட்டிய சட்டை: இடுக்கியைக் கீழே வையுங்கள்

கேள்வி: ஒன்றரை வயதுப் பந்து மலைப்பாம்பு ஒன்றை வளர்க்கிறேன். நான்கு நாட்களுக்கு முன் சட்டை உரித்தது. முழுச் சட்டையாக வராமல் துண்டு துண்டாகக் கழன்றது. இடது கண் இன்னும் மங்கலாக, லேசாகச் சுருங்கியதுபோல் தெரிகிறது. வால் நுனியில் பழைய தோல் வளையம்போல் ஒட்டியிருக்கிறது. கண்ணில் எண்ணெய் தடவி இடுக்கியால் உரித்தெடுக்கும்படி பாம்பை விற்றவர் சொல்கிறார். சட்டை கழல ஒரு தெளிப்பானும் தருகிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். கண்ணைத் தொடவே தொடாதீர்கள். ஆனால் வாலை இன்றே கவனியுங்கள். உங்கள் கவலையெல்லாம் கண்மீது இருக்கிறது. எனக்கோ வால்தான் அவசரம்.

முதலில் கண். பாம்புக்கு இமை கிடையாது. இமைக்குப் பதிலாகக் கண்ணின் மேல் கண்ணாடிபோன்ற ஒரு செதில் நிரந்தரமாக மூடியிருக்கிறது. அதுவும் தோலின் ஒரு பகுதிதான். ஆகவே ஒவ்வொரு முறையும் சட்டையோடு சேர்ந்து அதன் மேலடுக்கும் கழன்றுவிடும். அப்படிக் கழலாதபோது பழைய செதிலுக்கு அடியில் புதிய செதில் இருக்கிறது, அதற்கு அடியில் கண் இருக்கிறது. இந்த அடுக்குகளின் தடிமன் நம் கைக்குப் பிடிபடாத அளவு மெல்லியது. இடுக்கியால் பழையதைப் பிடித்து இழுப்பவர் புதியதையும் சேர்த்துக் கிழித்துவிடுவார். கிழிந்தால் கண் காற்றில் காய்ந்து, புண்ணாகி, பெரும்பாலும் பார்வை போய்விடும். ஒட்டு டேப்பைக் கண்ணில் ஒட்டிப் பிய்த்தெடுக்கும் வித்தையையும் சிலர் சொல்லித் தருகிறார்கள். அதற்கும் இதே கதிதான். ஒட்டிய செதிலோடு சிகிச்சைக்கு என்னிடம் வந்த பாம்புகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற முடிந்தது. வீட்டில் இடுக்கி பட்ட பிறகு வந்தவற்றுக்கு என்னால் அதிகம் செய்ய முடிந்ததில்லை.

இன்னொரு விஷயம், உங்களுக்கு மிகவும் பொருந்துவது. கண் ‘சுருங்கியதுபோல்’ இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பந்து மலைப்பாம்புகளில் காற்று வறண்டிருந்தாலோ உடலில் நீர் குறைந்திருந்தாலோ கண்செதிலில் குழியோ மடிப்போ விழுவது உண்டு. அங்கே பழைய செதில் எதுவும் ஒட்டியிருக்காது. இருப்பது ஒரே செதில், இப்போதைய செதில். அதைப் ‘பழையது’ என்று நினைத்துப் பிடுங்கினால் ஆரோக்கியமான கண்ணை நாமே உரிக்கிறோம் என்று பொருள். எப்படித் தெரிந்துகொள்வது? உரிந்த சட்டையைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தலைப்பகுதித் துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்து விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடத்தில் சிறு கண்ணாடி வில்லைபோல் ஒன்று தெரியும். இரண்டு வில்லைகளும் இருந்தால் கண்ணில் எதுவும் ஒட்டவில்லை. ஈரப்பதத்தைச் சரிசெய்தால் அந்தச் சுருக்கம் சில நாட்களில் தானாக நிமிரும். இடப்பக்கத்தில் வில்லைக்குப் பதில் வட்டமான ஓட்டை இருந்தால்தான் ஒட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். சட்டை துண்டாகி அந்தத் துண்டே கிடைக்கவில்லை என்றால் முடிவுக்கு வராதீர்கள். ஈரப்பதத்தைக் கூட்டி ஒரு வாரம் பாருங்கள்.

உண்மையிலேயே ஒட்டியிருந்தாலும் அது இன்றைக்கு ஆபத்து அல்ல. காற்றின் ஈரம் சரியாக இருந்தால் பெரும்பாலும் அடுத்த சட்டையோடு அதுவும் கழன்றுவிடும். கண் புடைத்தாலோ, சீழ் தெரிந்தாலோ, பாம்பு அந்தக் கண்ணை ஓயாமல் தேய்த்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம்.

இனி வால். காய்ந்த பழைய தோல் நாள் ஆக ஆக இறுகும். விரலில் நூலைச் சுற்றிக் கட்டியதுபோல் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நுனி கறுத்து, உலர்ந்து, உதிர்ந்தே போகும். காற்றுத் துளையும் இறுகிய மூடியும் உள்ள ஒரு பெட்டியில், பாம்பின் உடல் தடிமனில் பாதி அளவுக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள். வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். பாம்பை அதில் இருபது, முப்பது நிமிடம் விடுங்கள். அந்த நேரம் முழுவதும் பக்கத்திலேயே இருங்கள். பிறகு சொரசொரப்பான ஈரத் துணியால் வாலை மெதுவாகப் பிடித்துக்கொண்டு பாம்பை அதன் போக்கில் துணிக்குள் ஊர்ந்து போக விடுங்கள். இழுக்கும் வேலையை பாம்பே செய்யட்டும். வராவிட்டால் நாளை மீண்டும் செய்யலாம். நுனி ஏற்கெனவே கறுத்தோ கடினமாகவோ இருந்தால் ஊறவைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

அந்தத் தெளிப்பானைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பணம் உங்களிடமே இருக்கட்டும். சட்டை கழலத் தேவையானது தண்ணீர். அதில் வாசனையும் வழவழப்பும் சேர்த்துக் குப்பியில் அடைத்து விற்பதால் அது மருந்தாகிவிடாது. எண்ணெய் இன்னும் மோசம். செதில்களுக்கு இடையில் அழுக்கைப் பிடித்து வைக்கும். இவற்றை விற்பவர்கள் யார் என்று கவனியுங்கள். பாம்பை விற்றவர்தான் மேலே வலைமூடி போட்ட தொட்டியை விற்கிறார். வலைமூடி ஈரத்தை வெளியே விடுகிறது. அவரே வெப்பவிளக்கை விற்கிறார். அது மிச்ச ஈரத்தையும் உலர்த்துகிறது. தொட்டிச் சுவரில் ஒட்டும் முள் வைத்த ஈரப்பதமானியையும் அவரே தருகிறார். அந்த வகை மானிகள் பத்து, இருபது விழுக்காடு தவறிக் காட்டுவதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். கடைசியில் சட்டை துண்டு துண்டாக வந்ததும் தெளிப்பான் வருகிறது. குறையை விற்றவரே தீர்வையும் விற்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. ஓர் உயிரை விற்பவர், அதற்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கக் கூடாதா?

எழுதாததை நான் எழுதுகிறேன். டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். பந்து மலைப்பாம்புக்குச் சாதாரண நாட்களில் 55 முதல் 60 விழுக்காடு, சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பாரித்த பிறகு 65 முதல் 70. வலைமூடியின் பெரும்பகுதியை மூடி, காற்றுக்குச் சிறிது இடம் விடுங்கள். பாம்பு நுழையும் அளவு துளை போட்ட மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், பிழிந்த ஈர ஸ்பாக்னம் பாசியை நிரப்பி, தொட்டியின் சூடான பக்கத்தில் வையுங்கள். தனக்கு வேண்டும்போது பாம்பே அதற்குள் போகும். ஆனால் தொட்டி முழுவதையும் சொதசொதவென்று ஆக்கிவிடாதீர்கள். எந்நேரமும் நனைந்த தரையில் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும், நுரையீரலிலும் தொற்று வரும்.

அடுத்த முறை நிறம் மங்கி, கண் பால்போல் ஆனதும் கையில் எடுப்பதை நிறுத்துங்கள். அந்த நாட்களில் அதற்குப் பார்வை சரியாக இருக்காது, மிரளும். இரையை மறுத்தால் விட்டுவிடுங்கள். சில நாட்களில் கண் திடீரெனத் தெளியும். சட்டை கழன்றுவிட்டது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். உண்மையில் அதற்குப் பிறகு இரண்டு, மூன்று நாட்கள், சில வேளை ஒரு வாரம்கூடக் கழித்துத்தான் மூக்கைச் சொரசொரப்பான கல்லிலோ மரத்திலோ உரசி உரிக்கத் தொடங்கும்.

மருத்துவரிடம் போவதென்றால் முதலில் தொலைபேசியில் ‘பாம்பு பார்ப்பீர்களா?’ என்று கேளுங்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பும் மருத்துவமனைகள் ஏராளம். நான் படித்த காலத்தில் ஊர்வனவற்றுக்கு ஒதுக்கிய பாடநேரம் வெட்கப்படும்படி குறைவு. இன்றும் பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் விற்பவரிடம் மருத்துவம் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த சட்டை உரிந்ததும் வில்லைகளை எண்ணுங்கள். சில வேளை பழைய வில்லையும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியே வந்திருக்கும். இடப்பக்கம் மீண்டும் ஓட்டையாக இருந்தால், அந்தச் சட்டையை ஒரு பையில் போட்டுப் பாம்போடு சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.