நம் கடலில் ராக்கெட் இறங்குமா? நாகை படகு உரிமையாளருக்கு ஒரு விளக்கம்

கேள்வி: நாகை அக்கரைப்பேட்டையில் எனக்கு ஒரு விசைப்படகும் ஒரு பைபர் படகும் உள்ளன. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் அமைகிறது. ராக்கெட்டின் அடிப்பகுதியை நடுக்கடலில் கப்பல் மேல் இறக்கும் முறையும் வரப்போகிறது என்கிறார்கள். அதை எங்கள் கடலில் இறக்குவார்களா? எங்கள் தொழில் நாட்கள் குறையுமா? வலையில் ராக்கெட் துண்டு சிக்கினால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தங்களின் கடைசிக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டும் வருங்காலத்தைப் பற்றியவை, இதுவோ நாளைக்கே நடக்கக்கூடியது. 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்களின் வலையில் சிக்கிய பெரிய உருளை, இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பக்கவாட்டில் பொருத்தப்படும் துணை மோட்டார் என்று தெரியவந்தது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கியதும் பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்த பகுதிதான் (கட்டம் என்பது ராக்கெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து கழன்று விழும் பகுதி). அப்படி ஒன்று தங்கள் வலையில் ஏறினால், உலோகத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்று எண்ணி அதை அறுக்கவோ, தட்டவோ, நெருப்பின் அருகே வைக்கவோ வேண்டாம். கட்டங்களைப் பிரிப்பதற்காக வைக்கப்படும் சிறு வெடிமருந்துகளில் வெடிக்காதவை எஞ்சியிருக்கலாம். திரவ எரிபொருள் தொட்டியாக இருந்தால், தோலையும் நுரையீரலையும் ஈரலையும் கெடுக்கும் ஹைட்ரசீன் வகை நஞ்சு அதில் மிஞ்சியிருக்கவும் கூடும். அமோனியாவைப் போன்ற நெடி வந்தால், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகப் படகைத் திருப்பி விலகிவிடுங்கள். வலையை வெட்டிவிட மனம் வராது என்பதை அறிவேன். ஆயினும் பொருள் படகைச் சாய்க்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், வலையை விட்டுவிடுவதுதான் சரி. இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, தொலைவிலிருந்து படம் எடுத்துக்கொண்டு, கடலோரக் காவல்படையின் 1554 அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.

வலைக்கு இழப்பீடு உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். விண்பொருட்களால் ஏற்படும் சேதத்துக்கு ஏவிய நாடே பொறுப்பு என்று 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தம் கூறுகிறது. ஆனால் ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்பதை அதன் 7ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அதாவது நம் ராக்கெட் அண்டை நாட்டு மீனவரின் வலையைக் கிழித்தால் அவருடைய அரசு இந்த ஒப்பந்தத்தின் வழியாக இழப்பீடு கேட்கலாம். நம் மீனவரின் வலையைக் கிழித்தால் உள்நாட்டு வழிகளையே நாட வேண்டும். இது திருத்தப்பட வேண்டிய குறை என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, படகின் பதிவுச் சான்று, கடலுக்குச் சென்ற நாளின் டோக்கன், சேதத்தின் படங்கள் ஆகியவற்றுடன் மீன்வளத்துறையிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் உடனே எழுத்துமூலம் மனுக் கொடுத்து, அதற்கான ஒப்புகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஏவுதளம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததன் முதன்மைக் காரணம், அங்கிருந்து நேர் தெற்கே அண்டார்டிகா வரை கடல்தான் என்பதே. பூமியின் இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குச் செயற்கைக்கோளை அனுப்பும்போது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமல் இருப்பதற்காக முதலில் தென்கிழக்கே சென்று, பின்னர் தெற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்தில் எரிபொருள் வீணாகிறது. சிறிய ராக்கெட்டுக்கு அந்த இழப்பைத் தாங்குவது கடினம். நாகையிலோ வேதாரண்யத்திலோ ஏவுதளம் அமைத்திருக்கலாமே என்று நம் பக்கத்தில் சிலர் ஆதங்கப்படுவதைக் கேட்டிருக்கிறேன். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: நாகப்பட்டினமும் கொழும்பும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் உள்ளன. நம் கரையிலிருந்து தெற்கே ஏவும் எந்த ராக்கெட்டும் கோடியக்கரையைத் தாண்டியதும் இலங்கைக்கு மேலேயோ அதன் மேற்குக் கரையை ஒட்டியோதான் போக வேண்டும்.

குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்பவிருக்கும் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் மூன்று முக்கியக் கட்டங்களும் திட எரிபொருளால் இயங்குபவை. திட எரிபொருள் ஒருமுறை பற்றிக்கொண்டால் எரிந்து முடியும் வரை நிற்காது. அதை அணைத்து மீண்டும் பற்றவைக்க முடியாது. கடலில் இறங்கும் ராக்கெட்டுக்கோ அப்படி மீண்டும் பற்றவைக்கும் திறன்தான் உயிர். ஆகவே எஸ்எஸ்எல்வியின் கட்டங்கள் கப்பல் மேல் இறங்கப் போவதில்லை. அமெரிக்காவின் பால்கன் 9 ராக்கெட்டின் முதல் கட்டம், பிரிந்த பிறகு எஞ்சின்களில் சிலவற்றை மீண்டும் இயக்கி, வளிமண்டலத்தில் நுழையும் வேகத்தைக் குறைக்கிறது. வலைப்பின்னல் போன்ற நான்கு துடுப்புகளால் திசையைச் சரிசெய்துகொள்கிறது. கடைசியில் மீண்டும் எஞ்சினை இயக்கிக் கால்களை விரித்து நிற்கிறது. 2015 டிசம்பரில் முதன்முறையாகத் தரையிலும், 2016 ஏப்ரல் 8 அன்று முதன்முறையாகக் கடலில் நின்ற ஆளில்லா மிதவைக் கப்பலின் மேலும் அது இறங்கியது. கடலைத் தேடிப் போவதற்குக் காரணம் எளியது. மேலே எறிந்த கல்லைப் போல அந்தக் கட்டம் ஏவுதளத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தான் இயல்பாக விழும். அதைத் திருப்பி ஏவுதளத்துக்கே கொண்டுவரக் கூடுதல் எரிபொருள் வேண்டும், அந்த அளவுக்குச் சுமக்கும் எடை குறையும்.

இந்தியாவில் இத்தகைய முதல் கட்டத்தைக் கொண்டதாகத் திட்டமிடப்பட்டிருப்பது, 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த புதிய தலைமுறை ஏவுகலம். அதற்கான மூன்றாம் ஏவுதளம் ஸ்ரீஹரிகோட்டாவில்தான் அமைகிறது. அந்த ஏவுகலத்தின் முதல் கட்ட எரிபொருள் திரவ மீத்தேன். மீத்தேன் என்ற சொல்லைக் கேட்டாலே நம் டெல்டாவில் நெஞ்சு பதறும். ஆனால் இங்கே நிலத்தைத் துளைக்கும் வேலை எதுவும் இல்லை. கடலில் சிந்தினாலும், ஹைட்ரசீனைப் போல் நஞ்சாகத் தங்காமல் அது விரைவில் ஆவியாகிவிடும்.

அது நம் கடலில் இறங்குமா என்றால், பாக் நீரிணை ஆழம் குறைந்தது, படகுகள் நெருங்கியது, பன்னாட்டு எல்லை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. இறங்குமிடமாக அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்கிழக்கே செல்லும் வழக்கமான பாதையை வரைபடத்தில் கணக்கிட்டால், நாகைக்கு நேராக வரும்போது அது கரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும். ஆகவே தங்கள் பைபர் படகுக்குக் கவலை இல்லை. விசைப்படகில் சூரை மீனுக்காக ஆழ்கடலுக்குப் போவதாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். கஜா புயலைக் கண்ட நமக்கு ஐப்பசி, கார்த்திகைக் கடலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் மிதவைக் கப்பலில் சரியாக இறங்கி நின்ற ஒரு ராக்கெட் கட்டத்தையே அலை சாய்த்துவிட்டது. எனவே மீட்புப் பணிக்கும் அமைதியான கடல் நாட்களையே நாடுவார்கள். மீனவருக்கும் அவைதான் நல்ல நாட்கள். மோதல் வருமானால் அங்கேதான் வரும். ஆகையால் இறங்குமிடம் முடிவாவதற்கு முன்பே ஆழ்கடல் மீனவர் சங்கங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்னர், தவிர்க்க வேண்டிய கடற்பகுதியின் எல்லைகளும் நேரமும் கடற்பயண எச்சரிக்கையாக வெளியாகும். மீன்வளத்துறையும் கடலோரக் காவல்படையும் அதைக் கரைக்குத் தெரிவிக்கும். அதிலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் புறப்படும் முன் ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, கடலில் விஎச்எப் வானொலிக் கருவியின் 16ஆம் அலைவரிசையைத் திறந்தே வைத்திருங்கள். ஏவுதல் பலமுறை கடைசி நேரத்தில் தள்ளிப்போகும். அப்போது நாளும் நேரமும் மாறிய புதிய எச்சரிக்கை வரும். பல நாள் தங்கல் தொழிலுக்குப் போகும் படகு பழைய தேதியை நம்பி அந்தப் பகுதிக்குள் போய்விடக்கூடும் என்பதால், கரையில் ஒருவரை நியமித்து, மாறிய தேதியைப் படகுக்குச் சொல்லும் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள்.