வயலை அடகு வைக்கலாமா?

கேள்வி: மருமகன் பிரிட்டிஷ் குடிமகன், லண்டனில் ஆண்டுக்கு 26,000 பவுண்டு சம்பளம். மகள் பாளையங்கோட்டையில் ஆசிரியை. அவள் கணவனிடம் போவதற்கான விசாவுக்காக வயலை அடகு வைத்து அவள் கணக்கில் பணம் போடலாமா?
- ஒரு தந்தை, கல்லிடைக்குறிச்சி

பதில்: வேண்டவே வேண்டாம், அண்ணாச்சி! கடன் பணத்தைச் சேமிப்பாக ஏற்கமாட்டார்கள். தாமிரபரணி பாயும் வயலை இதற்காக இழக்காதீர்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அங்கே மனைவியை அழைத்துக்கொள்ள வருமான வரம்பு ஆண்டுக்கு 29,000 பவுண்டு. மருமகனுக்குக் குறைவது 3,000; அதைச் சேமிப்பால் ஈடுகட்டலாம். அதை இரண்டரையால் பெருக்கி, 16,000 கூட்டுங்கள்: 23,500 பவுண்டு சேமிப்பு வேண்டும். அந்தச் சேமிப்பு ஆறு மாதமாவது மகள், மருமகன் கையிருப்பில் இருந்திருக்க வேண்டும். மகளின் இங்குள்ள சம்பளம் வருமானக் கணக்கில் சேராது. அவள் பெயரில் உள்ள வீட்டின் வாடகை சேரும். மருமகனுக்குச் சம்பளம் கூடுமானால் ஆறு மாதம் பொறுத்து விண்ணப்பியுங்கள். நான் அதைத்தான் சொல்வேன்.