நவீன இயற்கணிதத்தில் 25க்கு 7: உசிலம்பட்டித் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

மகளை பி.எஸ்சி. கணிதத்திலிருந்து பி.சி.ஏ.வுக்கு மாற்றிவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மாற்ற வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 96 எடுத்த பெண் இரண்டாம் ஆண்டு நவீன இயற்கணிதத் தாளின் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 25க்கு 7 வாங்கிவிட்டார் என்பதற்காக, பி.எஸ்சி. கணிதத்தைக் கைவிட்டு பி.சி.ஏ.வில் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கினால் ஒன்றரை வருடம் வீணாகும். அந்த விலையைக் கொடுக்கும் அளவுக்கு இந்த 7 மதிப்பெண் பெரிய செய்தி அல்ல.

“படிப்பில் நாட்டம் போய்விட்டதா, செல்போன்தான் காரணமா” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய மதிப்பெண் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. நுண்கணிதத்திலும் வகைக்கெழுச் சமன்பாடுகளிலும் நன்றாகவே வாங்கியிருக்கிறார். செல்போன் ஒரு தாளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கெடுக்காது.

பள்ளிக் கணக்கில் வழிமுறை ஒன்று இருக்கும். அதைப் பழகினால் விடை வரும். இந்தத் தாளில் கேள்வி பெரும்பாலும் “நிறுவுக” என்றுதான் முடியும். எண்களுக்குப் பதில் ஒரு கணம் (உறுப்புகளின் தொகுப்பு), அதன் மேல் ஒரு செயலி (கூட்டல், பெருக்கல் போல இரண்டு உறுப்புகளை இணைக்கும் முறை), சில விதிகள், அவ்வளவுதான் கையில் தருவார்கள். விதிகளிலிருந்து என்ன கட்டாயமாக விளையும் என்பதை மாணவரே வாதிட்டுக் காட்ட வேண்டும். மனப்பாடத்தில் தேறி வந்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், அதிலும் பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள் அதிகம். நிரூபணத்தை வரி வரியாக உருப்போட்டால் நான்காவது வரி மறந்தவுடன் ஐந்தாவது வரியும் போய்விடும்.

இத்தனைக்கும் இந்தப் பாடத்தின் வாசலை உங்கள் மகள் ஏற்கெனவே மிதித்தவர்தான். நமது மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் அடைவுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, சமனி உறுப்பு, எதிர்மறை உறுப்பு எல்லாம் வருகின்றன. மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் பாடம் என்பதால் பிள்ளைகளுக்கு அதன் மேல் தனிப் பிரியம். அந்தப் பண்புகளைச் சரிபார்ப்பதோடு பள்ளி நின்றுவிடுகிறது. கல்லூரி அங்கிருந்து கிளம்பிக் குலம் (இந்த நான்கு பண்புகளும் உள்ள கணம்), அதன் மேல் கட்டிய வளையம், களம் என்று வேகமாக ஓடுகிறது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு மொழியும் ஒரே நேரத்தில் மாறுகிறது.

அவசரப்படாதீர்கள் என்று சொல்ல வரலாற்றிலும் ஆதாரம் உண்டு. ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்குப் பொதுவான தீர்வுச் சூத்திரம் கிடையாது என்று நார்வேயின் ஏபெல் 1824இல் நிறுவினார். எந்தச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் உண்டு, எதற்கு இல்லை என்பதைக் குலங்களைக் கொண்டு விளக்கியவர் பிரான்சின் கால்வா. 1832இல் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு வயது 20. அவருடைய ஆய்வு 1846இல்தான் அச்சேறியது. அந்தக் காலத்துப் பெரிய கணித மேதைகளுக்கே பிடிபடாத பொருளை நாம் ஒரு பருவத்தில் ஐந்து அலகுகளாக நறுக்கி வைத்திருக்கிறோம்.

இனி உங்கள் மகள் செய்ய வேண்டியது. இந்தப் பகுதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

1 முதல் 6 வரையுள்ள எண்களை எடுத்துக்கொள், அம்மா. பெருக்கு, பெருக்கி வந்ததை 7ஆல் வகு, மீதியை மட்டும் வைத்துக்கொள். 3ஐ அதே 3ஆல் திரும்பத் திரும்பப் பெருக்கினால் 3, 2, 6, 4, 5, 1 என்று ஆறு எண்களும் வந்துவிடும். 2ஐ எடுத்தால் 2, 4, 1 என்று மூன்றிலேயே திரும்பிவிடும். 6க்கு இரண்டே படிகள். மற்ற எண்களுக்கும் நீயே போட்டுப் பார். எத்தனை படிகளில் 1 வருகிறதோ அந்த எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் 6ஐ மீதியின்றி வகுக்கும். லெக்ராஞ்சு தேற்றம் இங்கே உன் கண்ணெதிரே நடக்கிறது. அதன் பிறகு நிரூபணத்தைத் திறந்தால் கோசெட், அதாவது குலத்தைப் பிரிக்கும் சம அளவுத் துண்டு, எதற்காக வருகிறது என்பது விளங்கும். அடுத்து 7க்குப் பதிலாக 6ஐ வைத்து, 1 முதல் 5 வரையுள்ள எண்களோடு முயன்று பார். 2ஐ 3ஆல் பெருக்கினால் மீதி 0 வந்து எல்லாம் குலைந்துவிடும். ஏன் குலைந்தது என்று தமிழிலேயே நான்கு வரி எழுது. ஆங்கிலத்தில் எழுதுவது அதற்குப் பிறகு.

திருமண அழைப்பிதழ் அட்டை ஒன்றிலிருந்து சதுரம் வெட்டி, மூலைகளுக்கு இரு பக்கமும் எண்ணிடு. அதைச் சுழற்றியும் புரட்டியும் அதே இடத்தில் பொருத்த எட்டு வழிகள் உண்டு. எட்டுக்கு எட்டு அட்டவணையைக் கையால் நிரப்பு. சுழற்றிப் புரட்டுவதும் புரட்டிச் சுழற்றுவதும் ஒன்றல்ல என்பதை விரல் கற்றுக்கொண்டால் பரிமாற்றுப் பண்பு இல்லாத குலம் பயமுறுத்தாது. எந்த வரையறையைப் படித்தாலும் அதற்குப் பொருந்தும் ஒன்றையும் பொருந்தாத ஒன்றையும் சொந்தமாகத் தேடு. அது முடியாதவரை அடுத்த பக்கத்துக்குப் போகாதே.

ஐயா, “இதெல்லாம் எதற்கு உதவும்” என்ற கேள்வி உங்களுடையது. இ-சேவை மையம் நடத்துகிற உங்களுக்கு ஆதார் எண்ணைக் கொண்டே பதில் சொல்லலாம். தட்டச்சு செய்யும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், எண் தவறு என்று திரை உடனே சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காகவே வைக்கப்பட்டது. வெறுமனே கூட்டிச் சரிபார்த்தால் 47, 74 இரண்டுக்கும் 11தான் வரும், தவறு பிடிபடாது. அதனால் நெதர்லாந்துக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969இல் வெளியிட்ட முறையைக் கையாளுகிறார்கள். ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் கிடைக்கும் பத்து உறுப்புக் குலத்தோடு ஒரு வரிசைமாற்றத்தையும் சேர்த்து அமைத்த முறை அது. ஓர் இலக்கம் மட்டும் பிழையானாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் தப்பாமல் காட்டிக்கொடுக்கும். உங்கள் மகளை அழவைத்த பாடம் உங்கள் கடையில் தினமும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்கும் குலமும் வளையமும் தேவையில்லை. அங்கே போக விரும்பினால் இந்தத் தாளில் தேர்ச்சி பெற்றாலே போதும். ஆனால் அவர் ஆசிரியராக விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். எம்.எஸ்சி., பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதும்போது இயற்கணிதம் மறுபடி எதிரே வந்து நிற்கும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்விலும் அப்படியே. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வின் கணிதப் பாடத்திட்டத்திலும் குலக் கோட்பாடு இருக்கிறது. இன்று தப்பித்தால் இன்னும் மூன்று இடங்களில் மடக்கும்.

தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் சென்னை கணிதவியல் நிறுவனப் பேராசிரியர் ஒருவர் நடத்தும் குலக் கோட்பாட்டுப் பாடங்கள் இருக்கின்றன. இன்னொன்று, 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். கோடைக் கணிதப் பயிற்சி. நிரூபணத்தை எப்படிச் சிந்திப்பது என்பதற்கே அங்கே முதலிடம். விண்ணப்ப அறிவிப்பைக் கல்லூரித் துறைத் தலைவரிடம் கேட்கச் சொல்லுங்கள். தேர்வானால், வெளியூர் என்று தயங்காமல் அனுப்புங்கள்.

கடைசியாக, வகுப்பு முடிந்ததும் கல்லூரி நூலகத்தில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து படிக்க அனுமதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசியம் அனுமதியுங்கள். ஒருவர் கரும்பலகையில் நிரூபிக்க, மற்றவர்கள் ஒவ்வொரு வரியிலும் “ஏன்” என்று மறித்துக் கேட்பதைவிட நல்ல பயிற்சி இந்தத் தாளுக்கு இல்லை. குழுவில் பையன்கள் இருப்பதைப் பற்றி அவருடைய அம்மாவுக்குக் கவலை என்றால், ஒரு மாலை நீங்கள் இருவரும் நூலகத்துக்கே வந்து பாருங்கள். வீடு திரும்ப இரவு எட்டாகும். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனிப் பக்கம் போகும் பஸ்கள் அந்த நேரத்திலும் உண்டு. உசிலம்பட்டி நிறுத்தத்துக்கு நீங்கள் வண்டியோடு வந்துவிட்டால் போதும்.