எட்டாம் வகுப்பு மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி தேவையா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடச் சொல்கிறார் மருத்துவர். "இந்த வயதில் எதற்கு? நாளைக்குப் பிள்ளைப்பேறு தடைப்பட்டால்?" என்று என் மாமியார் மறுக்கிறார். 38 வயதாகும் நானும் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் மாமியாரின் தயக்கம் பேத்தி மீதுள்ள அக்கறையால் வருவது என்பதால், அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இப்புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தாம்பத்திய உறவின் வழியாகப் பரவுகிறது; தொற்றிய பின் அதை விரட்டும் ஆற்றல் தடுப்பூசிக்குக் கிடையாது. ஆகவே திருமணப் பேச்சே எழாத இந்த வயதுதான் அதற்கு உரிய வயது. 9 முதல் 14 வயதுக்குள் எதிர்ப்பாற்றலும் நன்றாக உருவாகும் என்பதால், ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் போதும். 15 வயதைக் கடந்துவிட்டால் வழக்கமாக மூன்று போடுவார்கள்.

பிள்ளைப்பேறு குறித்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. ஊசியில் இருப்பது வைரஸின் மேலுறையைப் போன்ற புரதம் மட்டுமே. வைரஸின் மரபணு அதில் இல்லாததால் தொற்றை உண்டாக்காது. 2006 முதல் உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்டும், மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் தொடர்பு காணப்படவில்லை. உண்மையில், தாய்மையைப் பறிப்பது அந்தப் புற்றுநோயும், கர்ப்பப்பையையே அகற்ற நேரும் அதன் சிகிச்சையும்தான். கை வலி, இலேசான காய்ச்சல் வரலாம். சில சிறுமியருக்குத் தலைசுற்றும் என்பதால் ஊசி போட்டபின் கால்மணி நேரம் உட்கார வைத்திருங்கள்.

பலன் எவ்வளவு என்று கேட்பீர்கள். 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட இங்கிலாந்துப் பெண்களிடம் இப்புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. 2023இல் இந்தியத் தயாரிப்பான 'செர்வாவேக்' வந்தபின் விலையும் குறைந்திருக்கிறது.

உங்கள் வயதில் ஊசியின் பயன் குறைவு. மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம். ஆனால் இப்புற்றுநோய்க்கான பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் இடம் உண்டா என்று பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். தடுப்பூசி எல்லா எச்.பி.வி. வகைகளையும் தடுப்பதில்லை என்பதால், உங்கள் மகளும் பிற்காலத்தில் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

நம் டெல்டாப் பகுதியில் பல பெண்கள் நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று, இப்புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய உதிரப்போக்கைப் பல மாதங்கள் வெளியில் சொல்லாமலேயே இருந்துவிடுகிறார்கள். மாதவிடாய் நின்றபின் உங்கள் மாமியாருக்குச் சிறிதளவு கசிவு இருந்தாலும், அந்த வாரமே அழைத்துச் சென்று காட்டுங்கள்.