வாசகர் கேள்வி - பதில்: சுட்டவரே தரும் சான்று

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. மருமகன் கடையிலிருந்து ஃபெசன்ட் என்னும் பறவையின் கறியை வாங்கிவந்து மிளகு வறுவல் செய்திருக்கிறார். வேட்டையில் சுட்ட பறவையாம். உறையின் மேல் தரச்சான்று முத்திரை இருப்பதால் கவலை வேண்டாம் என்கிறார். ஆனால் அந்த முத்திரையை வேட்டைத் தொழில் நடத்துபவர்களே கூடி ஏற்படுத்தினார்களாம். சுட்டவரே சான்று கொடுத்தால் நம்பலாமா?
- ஓய்வுபெற்ற தோல் தொழிற்சாலை ஊழியர், பேர்ணாம்பட்டு

பதில்: முதலில் மகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஈயக் குண்டால் சுடப்பட்ட பறவைக் கறியைக் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்நாட்டு உணவுத் தர முகமையே அறிவுறுத்தியிருக்கிறது. நம் பக்கத்தில் பால்ரஸ் என்கிறோமே, அதுபோன்ற சிறு குண்டுகள் உடலுக்குள் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறுவதால், குண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டாலும் ஈயம் கறியில் தங்கிவிடும். பிள்ளை பிறக்கும்வரை அந்தக் கறி வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி முத்திரைக்கு வருவோம். அங்கே துப்பாக்கி உரிமம், வேட்டைப் பருவம் போன்றவற்றைச் சட்டமே வரையறுக்கிறது. இங்கிலாந்தில் ஃபெசன்டை அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை மட்டுமே சுடலாம். ஆனால் வேட்டைக்கென்றே பண்ணையில் பொரித்து, வளர்த்துக் காட்டில் விடும் குஞ்சுகளை எத்தனை நெருக்கமாக அடைக்கலாம், சுட்ட பறவையை எப்படிக் குளிர்வித்து எங்கே விற்க வேண்டும் என்பவற்றில் பலவும் தொழில் அமைப்புகள் தாமே எழுதிக்கொண்ட நெறிமுறைகளில்தான் இருக்கின்றன. கூட்டம் கூட்டமாகச் சுடப்படும் பறவைகளுக்கு வாங்குபவர் இல்லாமல் விலை சரிந்து, அவை வீணாகின்றன என்ற பழியும் வந்தபோது, 2018இல் தொழில்துறையினரே ஒரு தரச்சான்று அமைப்பைத் தொடங்கினார்கள். விதி அவர்களுடையதே என்றாலும், சோதிக்க வருபவர் வெளித் தணிக்கையாளர் என்பதால் அதை வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

அதே தொழிலின் இன்னொரு வாக்குறுதி என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். 2020 பிப்ரவரியில் வேட்டை சார்ந்த 9 அமைப்புகள் கூடி, ஐந்தாண்டுகளுக்குள் ஈயக் குண்டைத் தாமாகவே கைவிடுவோம் என்று அறிவித்தன. சொன்னது நடக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர்கள் கடைகளில் ஃபெசன்ட் வாங்கி, உள்ளே கிடந்த குண்டுகளை எடுத்துச் சோதித்தார்கள். முதல் பருவத்தில் குண்டு கிடைத்த 180 பறவைகளில் 179இல் இருந்தது ஈயம். மூன்றாம் பருவத்திலும் நூற்றுக்கு 94 அப்படியே. தலைவர்கள் கையெழுத்திட்டார்களே தவிர, காட்டில் துப்பாக்கி பிடித்து நின்றவர் பழைய தோட்டாவையே போட்டுச் சுட்டிருக்கிறார். அவரைக் கேட்பாரும் இல்லை, அவர் சுட்டதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவரும் அநேகமாக இல்லை. கடைசியில் 2025 ஜூலையில் அரசே சட்டத் தடையை அறிவிக்க வேண்டியதாயிற்று. சட்டம் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்தில் வாத்துகளை ஈயத்தால் சுடுவதற்கு 1999இலேயே தடை வந்துவிட்டது. பிறகு கடைகளில் வாங்கிச் சோதித்த வாத்துகளில் பெரும்பாலானவை ஈயத்தால் சுடப்பட்டவையாகவே இருந்தன.

பாலாற்றங்கரைக்காரரான உங்களுக்கு இது புதுக் கதை அன்று. கழிவுநீரைச் சுத்திகரியுங்கள் என்று பத்தாண்டுகள் கேட்டும், மானியம் தருவதாகச் சொல்லியும் தோல் தொழிற்சாலைகள் பலவும் அசையவில்லை என்பதை 1996ஆம் ஆண்டின் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டு, ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனிகள் கேட்கும் சுற்றுச்சூழல் தணிக்கையும் தங்கம், வெள்ளி என்ற தரப் பட்டியலும் அதற்குப் பின் வந்தவைதாம். நான் சில காலம் கணக்கு எழுதிய ஓர் ஆலையில், தணிக்கைக்கு முந்தைய இரவு ஒரு மாதத்துக் கழிவுநீர் அளவுகளையும் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில் எழுதி முடித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மறுநாள் வந்தவர் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தேநீர் குடித்துச் சென்றார்.

ஆகவே மருமகன் முத்திரையோடு நின்றுவிடாமல், கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: பறவையைச் சுட்டது எந்தக் குண்டால், தணிக்கையாளர் முன்னறிவிப்பின்றி வருவதுண்டா, விதி மீறிய எவரையாவது இதுவரை விலக்கியிருக்கிறார்களா. மூன்றாவதற்குக் கிடைக்கும் பதிலை வைத்தே நான் முத்திரையை எடைபோடுவேன்.

கேள்வி: ஜவ்வாது மலைப் பக்கம் கௌதாரிக் கறி ரகசியமாகக் கிடைக்கிறது என்கிறார்கள். நம் ஊரிலும் இப்படியொரு தரமுத்திரை வந்தால் என்ன?
- வாசகி, காட்பாடி

பதில்: வர வழியில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் பெற்று வேட்டையாட முதலில் இடம் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிம முறையையே எடுத்துவிட்டது. கௌதாரியைச் சுடுவதோடு, அதன் கறியை விற்பதும் குற்றம். வாங்குகிறவரும் வழக்கில் மாட்டக்கூடும். ஆசையாக இருந்தால் பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடையை வாங்கிச் சமையுங்கள். அதில் பால்ரஸ் கடிபடாது.