‘லவ் இஸ் எ மெனி-ஸ்ப்ளெண்டர்ட் திங்’ படத்தில் சீனர்களைக் காட்டிய விதம் உண்மையிலேயே மரியாதையானதா?

கேள்வி கேட்டவர், 1955-ல் வந்த இந்த ஹாலிவுட் காதல் படத்தைப் பற்றி, ‘அந்தக் காலத்திலேயே ஒரு சீனப் பெண்ணைக் கண்ணியமாகக் காட்டிய படம் என்று பலர் சொல்கிறார்கள், இப்போது பார்த்தால் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டிருக்கிறார். நான் இதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை கல்லூரிக் காலத்தில், பாட்டுக்காக. இரண்டாவது முறை போன வருடம், மலேசியாவின் ஜோகூர் பாருவில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மழைக்கு வெளியே போக முடியாமல். ஆண்ட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஹக்கா என்கிற சீனப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். எங்கள் பேச்சு மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து ஓடும், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதலில் கதை, பார்க்காதவர்களுக்காக. 1949, ஹாங்காங். ஹான் சூயின் ஒரு மருத்துவர். அப்பா சீனர், அம்மா வெள்ளைக்காரர். கணவர் சீனத் தேசியவாதப் படையின் தளபதி, கம்யூனிஸ்டுகளோடு நடந்த உள்நாட்டுப் போரில் இறந்துவிட்டார். மார்க் எலியட் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் வருகிறார். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஆனால் மனைவியோடு வாழவில்லை, மனைவி விவாகரத்தும் தர மாட்டேன் என்கிறார். காதல், ஊர்ப் பேச்சு, அவளுக்கு வேலை போவது, கொரியப் போர், அவர் அங்கே சாவது. அவ்வளவுதான். ஹென்றி கிங் இயக்கம், ஜெனிஃபர் ஜோன்ஸ், வில்லியம் ஹோல்டன் நடிப்பு. பாட்டு, இசை, உடை அலங்காரம் மூன்றுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால் படத்தில் மருத்துவமனையாக வருவது கான்டூயிட் சாலையில் இருந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கக் கட்டடம். மருத்துவமனைக்குப் பின்னால் அவர்கள் சந்திக்கும் அந்தப் புகழ்பெற்ற குன்று ஹாங்காங்கிலேயே இல்லை, கலிபோர்னியாவில் எடுத்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். மரியாதை இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கதாநாயகி மருத்துவர், யோசித்துப் பேசுபவள், யார் முன்னாலும் தலை குனியாதவள். யாரும் கொச்சை ஆங்கிலம் பேசிச் சிரிப்பு மூட்டுவதில்லை. அபின் புகையும் நீண்ட நகமும் கொண்ட வில்லனும் இல்லை. அதற்கு முந்தைய முப்பது வருட ஹாலிவுட்டைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். ஆனால் எனக்கு இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் படத்தில் சீனர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ரொம்பக் குறைவு, பெரும்பாலும் ஓர் அமெரிக்கருக்குச் சீனாவை விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அவர் கேட்கிறார், இவள் சொல்கிறாள். இது எங்கள் நம்பிக்கை, இது எங்கள் பழமொழி, எங்கள் பெரியவர்கள் இப்படித்தான் நினைப்பார்கள் என்று. காதலிக்கும் இரண்டு பேர் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் பாதி நேரம் வழிகாட்டி வேலைதான் பார்க்கிறாள். ஆண்ட்டி முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணு வாயைத் திறந்தாலே கோயில்ல சாமியாடி குறி சொல்ற மாதிரியே பேசுதே, இதுக்குப் பசிக்காதா, கோபம் வராதா?” என்று கேட்டார். எனக்கு அதற்கு மேல் எந்த விமர்சனமும் தேவைப்படவில்லை.

இது தற்செயலாக நடந்ததா என்றால் இல்லை, படத்துக்குப் பின்னால் இருந்த நிஜக் கதையைப் படித்தால் எந்த இடத்தில் கைவைத்தார்கள் என்று தெளிவாகத் தெரியும். ஹான் சூயின் நிஜமான எழுத்தாளர். 1952-ல் அவர் எழுதிய நாவல்தான் படத்துக்கு மூலம். நாவல் என்று பேர், உள்ளே இருப்பது பெரும்பாலும் அவர் வாழ்க்கை, படத்திலும் கதாநாயகிக்கு அவர் பெயரையேதான் வைத்தார்கள். அப்பா சீன ரயில்வே பொறியாளர், ஹக்கா வம்சம் (இதைச் சொன்னதும் ஆண்ட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்). அம்மா பெல்ஜியத்துக்காரர். அவர் காதலித்தவர் அமெரிக்கரே இல்லை. இயன் மாரிசன், லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையின் நிருபர், ஆஸ்திரேலியக் குடும்பம். அந்த மனிதர் பிறந்ததே பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்), 1913-ல். அவருடைய அப்பா ஜார்ஜ் எர்னஸ்ட் மாரிசன் பெயரில் பீக்கிங்கில் ஒரு தெருவே இருந்தது, இன்றைக்கு வாங்ஃபுஜிங் என்று எல்லாரும் ஷாப்பிங் போகிற தெரு அதுதான். அப்படிப்பட்டவருக்கு யார் சீனாவை விளக்க வேண்டும்? அவளுக்கு இணையாகவே அந்த மண்ணைத் தெரிந்த ஆள். அவரைத் தூக்கிவிட்டு, எதுவும் தெரியாத ஓர் அமெரிக்கரை அந்த இடத்தில் வைத்தார்கள். வைத்ததும் என்ன ஆகிறது? இரண்டு பேருடைய பேச்சும் வாத்தியார் பாடம் மாதிரி ஆகிவிடுகிறது, அவரோடு சேர்ந்து அமெரிக்காவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவருக்கும் பாடம் நடக்கிறது.

நிஜத்தில் மாரிசன் இறந்தது 1950 ஆகஸ்ட் 12, கொரியாவில் ஜீப் கண்ணிவெடியில் சிக்கியதால். கூட இருந்து இறந்தவர்கள் ‘டெய்லி டெலிகிராஃப்’ நிருபர் கிறிஸ்டோபர் பக்லியும் கர்னல் உண்ணி நாயரும். உண்ணி நாயர் மலபார்க்காரர், கொரியாவுக்கான ஐ.நா. குழுவில் இந்தியப் பிரதிநிதி, டேகுவில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. படத்தில் ஹோல்டன் தனியாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது குண்டு விழுகிறது. இது சின்ன விஷயம்தான், சினிமாவுக்கு ஒரு காதலன் போதும். இருந்தாலும் அந்த ஜீப்பில் ஓர் ஆசியர் இருந்தார் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

அப்புறம் முகம். இதைத்தான் எல்லாரும் முதலில் பேசுவார்கள், நான் வேண்டுமென்றே பின்னால் தள்ளினேன். ஜெனிஃபர் ஜோன்ஸ் ஓக்லஹோமாவில் பிறந்த வெள்ளைக்கார அமெரிக்கர். கண்ணுக்கு மை தீட்டி, தலையை வாரி, சியோங்சாம் என்கிற சீன உடையை உடுத்திவிட்டார்கள். பாதி ஐரோப்பியப் பாத்திரம்தானே, அதனால் பரவாயில்லை என்று ஒரு வாதம் உண்டு. பாதி சீனரும்தானே, அந்தப் பாதிக்கு யார்? இதன் வேர் பழையது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1930-லேயே இனக் கலப்பு உறவைத் திரையில் தடை செய்தன. எழுத்தில் வெள்ளையர் கறுப்பர் என்றுதான் இருந்தது, நடைமுறையில் ஆசிய நடிகர்களையும் அது கட்டிப்போட்டது. ‘தி குட் எர்த்’ 1937-ல் வந்தபோது, லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்து வளர்ந்த அன்னா மே வாங் என்கிற சீன அமெரிக்க நட்சத்திரம் தயாராக நின்றும் கதாநாயகி வேடம் கிடைக்கவில்லை. நாயகனாக பால் முனி என்கிற வெள்ளைக்காரர், அவருக்கு ஜோடியும் வெள்ளைக்காரராகத்தான் இருக்க வேண்டும், ஆகவே லூயிஸ் ரெய்னர். அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அந்த விதியைத் தளர்த்தியது 1956-ல், அதாவது நம் படம் வந்த அடுத்த வருடம்.

படத்தில் உண்மையான ஆசிய நடிகர்கள் இல்லாமல் இல்லை, சித்தப்பாக்கள், நண்பர்கள், மருத்துவர்கள் என்று ஓரமாக இருக்கிறார்கள். சீனாவில் சுங்கிங் நகரத்தில் இருக்கும் நாயகியின் குடும்ப வீட்டில் பெரியவராக வரும் ஃபிலிப் ஆன் கொரிய அமெரிக்கர், அவருடைய அப்பா ஆன் சாங்-ஹோ கொரிய விடுதலைப் போராட்டத்தின் பெருந்தலைவர்களில் ஒருவர். ரிச்சர்ட் லூ சீன வம்சாவளி, ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய அதிகாரியாக நடித்துத்தான் பேர் வாங்கினார். கொரியர் சீனராக, சீனர் ஜப்பானியராக, யாராக இருந்தாலும் ஹாலிவுட்டுக்கு ஒரே அலமாரி. ஆண்ட்டி நாள் முழுக்கக் கொரியத் தொடர் பார்க்கிறவர். அந்தப் பெரியவர் கொரியர் என்று சொன்னதும் “பாவம், அவரும் நம்மள மாதிரி பொழப்புக்கு வந்தவரு” என்றார்.

படத்தில் எனக்கு உண்மையாகப் பிடித்த பகுதி ஒன்று உண்டு, அது காதல் இல்லை. யுரேஷியர், அதாவது ஐரோப்பிய-ஆசியக் கலப்பில் பிறந்தவர், என்கிற சொல்லைக் கேட்டாலே சிலருக்கு ஒழுக்கம் தளர்ந்தவள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது என்கிற பொருளில் சூயின் பேசுவாள். எங்கள் ஊரில் செராணி என்பார்கள், தமிழ்நாட்டில் சட்டைக்காரர் என்று சொல்வது போல, அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு கிண்டல் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த இடம் சுருக்கென்று தைக்கும். பிரிட்டிஷ் சீமாட்டிகளின் தேநீர் விருந்து வம்பில் அவள் வேலை போவதும் அப்படித்தான். படம் காலனிக்காரர்களின் சின்னப் புத்தியைக் காட்டத் தயங்கவில்லை. ஆனால் அதோடு நின்றுவிடுகிறது. டாக்டர் சென் என்று ஒருவர் வருவார், சீனாவுக்குத் திரும்பிப் போ, அங்கே மருத்துவர்கள் வேண்டும் என்று அவளிடம் சொல்பவர். 1949-ல் வெளிநாட்டில் படித்த ஒவ்வொரு சீனருக்கும் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அது, போவதா இருப்பதா என்று. நிஜ ஹான் சூயினையும் அது வாழ்நாள் முழுக்க விடவில்லை. படம் எடுக்கும்போது கொரியாவில் சீனப் படையும் அமெரிக்கப் படையும் மோதி முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, ஆகவே டாக்டர் சென் வாயிலிருந்து அந்தக் கேள்வி ஒரு விறைப்பான கட்சிப் பேச்சாக மட்டும் வந்துவிட்டுப் போகிறது. அவள் பதில் சொல்வதற்குள் காதலன் வந்துவிடுகிறார்.

இதே வில்லியம் ஹோல்டன் ஐந்து வருடம் கழித்து, 1960-ல், இன்னொரு ஹாங்காங் காதல் படத்தில் நடித்தார், ‘தி வேர்ல்ட் ஆஃப் சூசி வாங்’. அதில் நாயகி நான்சி குவான் ஹாங்காங்கில் பிறந்தவர், அப்பா சீனர், அதாவது கடைசியில் முகம் நிஜமாகிவிட்டது. ஆனால் மருத்துவராக இருந்தவள் இப்போது வான்சாய் மதுக்கூடத்தில் வேலை செய்யும் விலைமகள். நாயகன் தன்னை அடித்ததாகத் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள், அடித்தால்தான் அன்பு இருக்கிறது என்று அர்த்தமாம். நான்சி குவான் அவ்வளவு உயிரோடு நடித்திருப்பதால் நாம் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதுதான், ஆனால் பார்க்க இரண்டாவதுதான் சுவாரஸ்யம், ஏனென்றால் சூசிக்குப் பசிக்கிறது, கோபம் வருகிறது, பொய் சொல்கிறாள்.

நிஜ ஹான் சூயினுக்கும் கோபம் வரும். படம் வெளியானபோது அவர் இருந்தது எங்கள் பக்கத்தில்தான். மாரிசன் இறந்த பிறகு லியோன் கோம்பர் என்கிற மலாயா போலீஸ் அதிகாரியை மணந்து 1952-ல் ஜோகூர் பாருவுக்கு வந்து, இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவராக வேலை பார்த்தார். நான் தினம் பஸ்ஸில் கடந்து போகிற ஆஸ்பத்திரி. பிறகு சிங்கப்பூரிலும் கிளினிக் வைத்திருந்தார். மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷார் கிராமத்துச் சீனர்களை முள்வேலிக்குள் அடைத்ததை வைத்து 1956-ல் ஒரு நாவல் எழுதினார், கணவரோ அதே ஆட்சியின் உளவுப் பிரிவில் வேலை பார்த்தவர். வீட்டுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. அதற்கப்புறம் அவர் மணந்தது வின்சென்ட் ரத்தினசாமி என்கிற இந்திய ராணுவப் பொறியாளரை, கர்னல். பெயரைப் பார்த்ததும் நம்மவர்கள் யாருக்கும் காது நிமிரும். இப்படிப்பட்ட ஒரு பெண்ணைத்தான் படம் பட்டாம்பூச்சிக்கு நடுவே நிறுத்திக் கண்ணீர் விட வைத்தது.

பார்க்கலாமா என்றால், பாருங்கள். 1955-ன் ஹாங்காங் துறைமுகத்தை அந்த அகலத் திரையில், அந்த நிறத்தில் வேறு எங்கே பார்ப்பீர்கள்? சம்பான் படகுகள், மலையேறும் சாலைகள், இன்று இடித்துத் தள்ளிவிட்ட கட்டடங்கள். கூடவே முடிந்தால் மூல நாவலையும் படியுங்கள். அதில் ஹாங்காங்குக்கு வந்து குவிந்த அகதிகளின் நெரிசலும் பசியும் இருக்கிறது, கதை சொல்பவளுக்கு நாக்கும் கொஞ்சம் கூர்மை.

ஹான் சூயினே இந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்பது தெரியுமா? சிங்கப்பூரில் மாதக்கணக்கில் ஓடியது, அவருக்குப் போய்ப் பார்க்க ஆர்வமே இல்லை என்று சுயசரிதையில் எழுதினார். பிறகு ஏன் உரிமையை விற்றார் என்றால், வளர்ப்பு மகளுக்கு நுரையீரல் காசநோய், இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை செய்யப் பணம் தேவைப்பட்டது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஆண்ட்டியிடம் இதைச் சொன்னேன். அதுவரை மாரிசன், தணிக்கை, ஆஸ்கர் என்று நான் அடுக்கிய எதற்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர், இதற்கு மட்டும் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளைக்குச் சரியாச்சா?”

“ஆச்சு ஆண்ட்டி. 2012-ல அம்மா சுவிட்சர்லாந்துல இறந்தப்ப மக உயிரோடதான் இருந்தாங்க.”

“அப்ப சரி,” என்றார். “அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தடவை போடு.”